நாற்பது கால் பூச்சி

திருப்பூரில் ஒரு நிட்டிங் யூனிட். ராத்திரி ஷிஃப்டில் மெஷின் நின்றுவிட்டது. நூல் அறுந்தால் நிற்கும். முடிச்சுப் போட்டு பட்டனை அழுத்தினால் ஓடும். அன்றைக்கு அசையவே இல்லை. கிலோக் கணக்கில் கூலி வாங்குகிற ஜாப் ஒர்க்காரருக்கு, நின்ற மெஷின் என்றால் வயிற்றில் புளிதான்!

"ஏந்தம்பி, ஐசி போயிருச்சா? புதுசொண்ணு போட்டு உட்ருங்க" என்றார் முதலாளி.

"இருங்ண்ணா... புது ஐசி வெறும் பொட்டிங்க. உள்ளார புரோகிராம் வேணுமில்லீங்களா?" என்றார் மெக்கானிக்.

அவர் சொன்னதில் ஒரு சரித்திரமே இருக்கிறது. 1971-ல் அமெரிக்காவின் டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸில் கேரி பூன், மைக்கேல் காக்ரன் என்ற இருவர் ஒரு கால்குலேட்டரின் மூளை முழுவதையும் ஒரே சில்லில் அடக்கினார்கள். 1980-ல் இன்டெல் கொண்டுவந்த 8051-க்கு நாற்பது கால்கள், 128 பைட் தற்காலிக நினைவகம் (இந்தப் பத்தியே அதில் கொள்ளாது!). அதில் புரோகிராமைத் தொழிற்சாலையிலேயே பதித்துவிடுவார்கள். 1993-ல் அட்மெல் நிறுவனம், அழித்து அழித்து எழுதக்கூடிய ஃப்ளாஷ் வகையை விற்க ஆரம்பித்தது. கூடவே ஒரு பூட்டும் உண்டு. எழுதியவர் பூட்டிவிட்டால் அடுத்தவர் நகல் எடுக்க முடியாது. நம் முதலாளிக்கு போர்டு செய்து கொடுத்தவரோ கடையை மூடிவிட்டுப் போய்ப் பல வருஷமாச்சு. அந்தச் சில்லு செத்திருந்தால் போர்டும் அதோடு காலி.

மெக்கானிக் நாடி பார்த்தார். 40-ஆம் காலில் ஐந்து வோல்ட் சரி. 31-ஆம் காலுக்கும் அதே ஐந்து வர வேண்டும். வராவிட்டால் சில்லு தன் புரோகிராமை விட்டுவிட்டு வெளியே தேடப் போய்விடும். அதுவும் சரி. அடுத்து 30-ஆம் கால். 12 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல் போட்ட போர்டில் அங்கே விநாடிக்கு இருபது லட்சம் துடிப்பு தெரிய வேண்டும். கிரிஸ்டலையே தொட்டுப் பார்க்கக் கூடாதா? கூடாது. புரோபின் பாரத்திலேயே அது நின்றுபோகலாம்.

துடிப்பே இல்லை! முதலாளி முகம் சுண்டிவிட்டது.

மெக்கானிக் 9-ஆம் காலுக்குப் போனார். அதுதான் ரீசெட். கரண்ட் வந்ததும் ஒரு கணம் வோல்டேஜ் ஏறி, உடனே பூஜ்யத்துக்கு இறங்க வேண்டும். இறங்கினால்தான் சில்லு வேலையைத் தொடங்கும். இங்கே இறங்கவே இல்லை. பக்கத்திலிருந்த கப்பாசிட்டர், இத்தனை வருஷ மெஷின் சூட்டில் கசிய ஆரம்பித்திருந்தது. பாவம், சில்லு கட்டளைக்குக் காத்துக்கொண்டு உயிரோடுதான் இருந்திருக்கிறது.

டீ, வடைக் காசு கூட ஆகாத கப்பாசிட்டர். மாற்றியதும் மெஷின் சுற்றியது. விடிவதற்குள் நாலு ரோல் இறங்கியது என்று பிறகு சொன்னார்கள்.

இன்டெல் 2007-லேயே 8051 தயாரிப்பை நிறுத்திவிட்டது. மற்றவர்கள் செய்த அதன் வாரிசுகள் இன்னும் ஓடிக்கொண்டிருக்கின்றன. முதலாளி மட்டும், எதற்கும் இருக்கட்டும் என்று மறுநாளே போர்டுக்கு ஒரு ஃபேன் மாட்டிவிட்டாராம்.