எந்தக் காலேஜ் நல்ல காலேஜ்?

போன வாரம் விருதுநகரிலிருந்து அக்கா மகன் போன் செய்தான். "மாமா, ஒரு காலேஜ் நாக்ல ஏ பிளஸ். இன்னொண்ணு என்.ஐ.ஆர்.எஃப். லிஸ்ட்ல இருக்கு. எது பெருசு?" முதல் காலேஜில் மேனேஜ்மென்ட் கோட்டாவுக்கு வெள்ளிக்கிழமைக்குள் அட்வான்ஸ் கட்டச் சொல்கிறார்களாம். அக்கா நகையை அடகு வைக்கத் தயார். புனேயில் உட்கார்ந்துகொண்டு நான் என்ன சொல்ல? இந்த முத்திரைகளின் பூர்வீகத்தைக் கொஞ்சம் கிளறிப் பார்த்தேன்.

தமிழ்நாட்டில் பொறியியலுக்கு ஒற்றைச் சாளர முறை வந்தது 1997ல். அடுத்த வருடமே நான் அப்பாவோடு கிண்டிக்குப் போனேன். காலியிடங்களைப் பார்த்துச் சில நிமிடங்களில் முடிவு சொல்ல வேண்டும். அப்பா கேட்ட ஒரே கேள்வி, "நம்ம ஊர்லேருந்து நேர் பஸ் இருக்கா?" அவரைக் குறை சொல்ல முடியாது. வேறு எதைக் கேட்பது என்று எங்களுக்கு யாரும் சொல்லித்தரவில்லை. (2018ல் கலந்தாய்வு ஆன்லைனுக்குப் போய்விட்டது. இப்போது வீட்டிலிருந்தே நிதானமாக யோசிக்கலாம்.)

சரி, முத்திரைகளுக்கு வருவோம். மூத்தது ஏ.ஐ.சி.டி.இ. 1945ல் ஆலோசனைக் குழுவாகத் தொடங்கியது. தனியார் கல்லூரிகள் பெருகிய பிறகுதான், 1987ல், சட்ட அதிகாரம் கிடைத்தது. இடம், கட்டடம், ஆய்வகம், ஆசிரியர் எண்ணிக்கை என்று குறைந்தபட்சத் தேவைகளைப் பார்த்து அனுமதி தருகிறது. அது கடை திறக்க லைசென்ஸ் மாதிரி. சாப்பாடு ருசியா என்று லைசென்ஸ் சொல்லாது.

அதே காலத்தில் நன்கொடைச் சண்டையும் நடந்தது. 1992ல் மோகினி ஜெயின் வழக்கில் உச்ச நீதிமன்றம் கேப்பிடேஷன் கட்டணம் செல்லாது என்றது. 1993ல் உன்னிகிருஷ்ணன் வழக்கில் இலவச இடம், கட்டண இடம் என்று பிரித்தது. 2002ல் டி.எம்.ஏ. பை வழக்கில் அந்தத் திட்டத்தைக் கைவிட்டது. வழக்குகள் எல்லாம் யார் எவ்வளவு கட்டுவது என்பதைச் சுற்றியே. கட்டிய பணத்துக்கு என்ன கிடைக்கிறது என்பது வேறு கேள்வி.

அதற்காக 1994ல் வந்தவை இரண்டு: நாக், என்.பி.ஏ. பலரும் குழம்புவது இங்கேதான். நாக் கல்லூரியை மொத்தமாக எடை போடுகிறது. என்.பி.ஏ. ஒவ்வொரு பாடப்பிரிவையும் தனித்தனியாகப் பார்க்கிறது. சிவிலுக்கு இருக்கிற அங்கீகாரம் கம்ப்யூட்டர் சயின்ஸுக்கு இல்லாமல் இருக்கலாம். தரம் போடுகிறவர்களும் மனிதர்கள்தான். 2025 பிப்ரவரியில் நாக் ஆய்வுக் குழுவினர் சிலரையே லஞ்சப் புகாரில் சி.பி.ஐ. கைது செய்தது.

1997ல் இந்தியா டுடே கல்லூரிகளை வரிசைப்படுத்தத் தொடங்கியது. அரசின் என்.ஐ.ஆர்.எஃப். 2015ல் அறிவிக்கப்பட்டு, 2016ல் முதல் பட்டியல் வெளியானது. பொறியியல் பட்டியலில் ஆராய்ச்சிக்குக் கணிசமான மதிப்பெண் உண்டு. பி.இ. சேர வரும் பையனுக்கு அதில் எவ்வளவு பயன் என்பது வேறு விஷயம். தகவல்களைத் தருவதும் கல்லூரிகளேதான்.

ஆனாலும் என்னைக் கேட்டால், அந்த ரேங்க்கை விட அதற்காகக் கல்லூரி கொடுத்த விவரப் பட்டியல்தான் புதையல். எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் உரிய வருடத்துக்குள் முடித்தார்கள், எத்தனை பேருக்கு வேலை, இடைநிலைச் சம்பளம் எவ்வளவு, எல்லாம் அதில் இருக்கும். இடைநிலை என்றால் வேலை கிடைத்தவர்களில் பாதிப் பேர் அதற்குக் கீழே. பேனரில் போடுகிற 'அதிகபட்சம்' ஒரே ஒரு பையனுடைய சம்பளம்.

அவனிடம் மூன்று வேலை சொன்னேன். நீ சேரும் பிரிவுக்கு என்.பி.ஏ. இருக்கிறதா பார். அண்ணா பல்கலைக்கழகம் வெளியிடும் தேர்ச்சி விகிதத்தில் இரண்டு காலேஜையும் பக்கத்தில் வைத்துப் பார். அந்த விவரப் பட்டியலை இரண்டு காலேஜிடமும் கேள்.

இரண்டு நாள் கழித்துக் கூப்பிட்டான். அட்வான்ஸ் கேட்ட காலேஜ் விவரம் தரவே இல்லையாம், "நேர்ல வாங்க தம்பி, பேசிக்கலாம்" என்றார்களாம். நகை இன்னும் பீரோவில்தான் இருக்கிறது. பையன் கலந்தாய்வுக்குக் காத்திருக்கிறான்.

போனை வைக்கும் முன் அக்கா கேட்டாள், "அந்த இன்னொரு காலேஜுக்கு நேர் பஸ் இருக்காடா?"