யாருடைய கப் டீ?

கம்பஸ்ல ஒரு லெக்சர் முடிஞ்சு வரும்போது எங்களில் ஒருத்தி, "இது நொட் மை கப் ஒஃப் டீ" என்றாள். எல்லாரும் சிரிச்சிட்டோம். சொன்னவளின் வீடு மடுல்கெல்லயில், லயத்துக்குப் பின்னாலேயே தேயிலை மலை.

பொருள் லேசானதுதான். ஒன்றை மோசம் என்று சொல்லாமல், என் ருசிக்கு ஒத்துவராது என்று ஒதுங்குவது. நாம "நமக்கு அது சரிப்படாது" என்கிற மாதிரி. படத்துக்கு, பாட்டுக்கு, கிரிக்கெட்டுக்குச் சொல்லலாம். பசியைப் பற்றி அப்படிச் சொன்னால் விகாரமா இருக்கும்.

ஆரம்பத்தில் இதில் 'நொட்' கிடையாது. மனசுக்குப் பிடித்த ஆளைத்தான் கப் டீ என்றார்கள். 1908இல் வில்லியம் டி மோர்கன் எழுதிய 'சம்ஹவ் குட்' நாவலில் ஒரு பெண் அப்படிச் சொல்கிறாள், அதுவும் வீட்டு வேலைக்காரியிடம் இரவல் வாங்கி. எங்களுக்கு அந்த வேலைக்காரிதான் முக்கியம். ஒரு காலத்தில் சீனத் தேயிலையைப் பெட்டியில் போட்டுப் பூட்டி வைத்த நாடு இங்கிலாந்து. வேலைக்காரி வாயில் டீ மரபுத்தொடராகணும்னா அது மலிஞ்சிருக்கணும். மலிய வைத்தது இந்தியத் தோட்டங்களும் நம்ம மலைகளும்.

கண்டிப் பக்கம் முதல்ல கோப்பிதான். 1869இல் இலைநோய் வந்து அது சரிந்தது. அதற்கு இரண்டு வருஷம் முன்பே, 1867இல், லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை நட்டிருந்தார். மடுல்கெல்லயும் கோப்பியிலிருந்து தேயிலைக்கு மாறிய மலைதான். தமிழ்நாட்டிலிருந்து கங்காணிமார் ஆள் கூட்டி வந்தாங்க, வழிச்செலவையே கடனா எழுதி.

அந்தக் கடனோடு ஒட்டிய காகிதத்துக்குப் பேர் துண்டு. வேறு தோட்டம் போகணும்னா, இவ்வளவு கடனைக் கட்டினால் இந்த ஆளை விடுகிறோம் என்று பழைய தோட்டம் எழுதின துண்டு வேணும். புதுத் தோட்டம் அதைக் கட்டும், கடன் புதுத் தோட்டத்துப் பேரில் தொடரும். 1921இல் சட்டம் போட்டுத்தான் இதை ஒழித்தார்கள். டி மோர்கனின் நாவல் வந்த 1908இல், "இந்தத் தோட்டம் எனக்குச் சரிப்படாது" என்று சொல்ல இங்கே ஒரு துண்டு தேவைப்பட்டது.

லீவில் தோழி வீட்டுக்குப் போனோம். அவளோட அம்மாயி சாயத்தண்ணி ஊற்றித் தந்தார். என்ன மாதிரி தேத்தண்ணி பிடிக்கும் என்று கேட்டோம். உள்ளங்கைச் சீனியை நக்கிக்கிட்டே எங்களை ஒரு மாதிரி பார்த்தார்.

"தோட்டத்துல குடுக்குற தூளுதான். வேற என்னத்த?"