அம்பலத்தில் உறங்கியவன்

மணிமேகலை சொல்லும் மணிபல்லவம் நயினாதீவே என்போர் பலர், நானும் அக்கட்சியே. அங்கே கப்பல் விட்டுப்போக உண்ணாதிருந்து உயிர்விட்ட ஆபுத்திரன், நேயர்களே, வீடற்றவன். ஊரார் துரத்த மதுரைக்கு வந்து, சிந்தாதேவி கோயில் அம்பலத்தில் தங்கினான். இரந்த சோற்றைப் பார்வையற்றோர்க்கும் முடவர்க்கும் ஊட்டி, மிச்சத்தை உண்டு, பிச்சையோட்டையே தலைக்கு வைத்து உறங்கினான். யாரும் அவனைக் கிளப்பவில்லை.

அவனது அமுதசுரபியைப் பெற்ற மணிமேகலை சோறிட்ட இடம் புகாரின் உலகவறவி. போக்கிடமற்றோர் ஒதுங்கிய பொது அம்பலம். பின்னர் அரசனிடம் அவள் கேட்டது, சிறைக்கோட்டத்தை அறக்கோட்டமாக்க வேண்டுமென்பதே. அவனும் இசைந்தான்.

1841இல் ஆங்கிலேயர் இலங்கையில் இயற்றிய அலைந்து திரிவோர் கட்டளைச் சட்டம் இதைத் தலைகீழாக்கியது. பிழைப்புக்கு வழி காட்டமுடியாதவர், உரியவர் அனுமதியின்றித் திண்ணையிலோ கொட்டிலிலோ வண்டியிலோ படுத்தால் குற்றம். ஆபுத்திரன் அகப்பட்டிருந்தால் நீதவானுக்கு என்ன கணக்குச் சொல்லியிருப்பான்?

அதே ஆங்கிலேயர் தம் நாட்டில் 1977இல்தான், பிள்ளைகளோடு தவிப்போர், முதியோர் முதலானோர்க்கு இருப்பிடம் தருவதை உள்ளூராட்சி மன்றங்களின் சட்டக் கடமையாக்கினர். இங்கே 1987இன் பிரதேச சபைச் சட்டம் வந்தபின், நயினாதீவு வேலணைப் பிரதேச சபைக்கு உட்பட்டது. அமுதசுரபியின் பெயரை அன்னதானத்துக்குச் சூட்டிய தீவு, உலகவறவியையும் அச்சபையிடம் கேட்கலாம்.