சவுண்டல் தழையும் ஹவாய் ஆடுகளும்

மலாய் மக்கள் ‘பெத்தாய் பெலாலாங்’ என்றும் தமிழக உழவர் ‘சவுண்டல்’ என்றும் வழங்கும் மரம் மெக்சிகோவைத் தாயகமாகக் கொண்டது. ஸ்பானியர் வழியே பிலிப்பீன்சை அடைந்து ஆசியாவெங்கும் பரவியது. அதன் தழையில், உலர்ந்த எடையில், புரதம் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறையாது. ஆய்வகக் கணக்கின்படி அது சிறந்த தீவனமே. ஆயினும் ஆஸ்திரேலியாவில் அதனை மிகுதியாகத் தின்ற மாடுகளுக்கு மயிர் உதிர்ந்தது, தைராய்டு சுரப்பி வீங்கியது, எடையும் குறைந்தது. தழையிலுள்ள மிமோசின் எனும் அமினோ அமிலம் இரைப்பையில் டிஎச்பி எனும் பொருளாக மாறித் தைராய்டைத் தாக்குகிறது.

ஹவாய் ஆடுகளோ அதே தழையைத் தின்று நலமாக இருந்தன. வேறுபாடு தழையில் இல்லை, இரைப்பையில் வாழும் நுண்ணுயிரிகளில்தான் உள்ளது எனக் கருதினார் குவீன்ஸ்லாந்தில் பணியாற்றிய ரேமண்ட் ஜோன்ஸ். அந்நுண்ணுயிரிகளை ஆஸ்திரேலியக் கால்நடைகளுக்கு மாற்றி நச்சை நீக்கிய முடிவை அவரும் மெகாரிட்டியும் 1986இல் வெளியிட்டனர். தீவனத்தின் மதிப்பைத் தழையின் வேதியியலில் மட்டுமே தேடிய வழக்கத்தை இது அசைத்தது என்பது என் கருத்து. 1992இல் அந்நுண்ணுயிரி ‘சினெர்ஜிஸ்டிஸ் ஜோன்சியை’ எனப் பெயர் பெற்றது. (பெயர் ஆய்வாளருக்கு, ஆடுகளை நினைப்பார் இல்லை.)

எனினும் வழக்கு முடியவில்லை. கிழக்கு இந்தோனேசியாவில் டிஎச்பி முழுதும் சிதையாத நிலையிலும் மாடுகள் கொழுப்பதை அண்மைய ஆய்வுகள் கண்டுள்ளன. கல்லீரலும் அந்நச்சைத் தணிக்கக்கூடும் என அவை கருதுகின்றன.