யாகூத்: ஒரு சொல்லும் பல நிறங்களும்

இதழ்களின் குறுக்கெழுத்துப் போட்டியில் 'செந்நிற மணி' என்று கேட்டு ஐந்து கட்டங்கள் தந்தால் 'மாணிக்கம்' என எழுதுவோம். 'அரபியில் மாணிக்கம்' என்று கேட்டு மூன்று கட்டங்கள் தந்தால் 'யாகூத்' என நிரப்புவோம். கட்டத்துக்கு அது போதும். திருமறை விரிவுரையைப் பாடமாக நடத்தும்போது போதுவதில்லை. ஏனாத்தூரை அடுத்த காஞ்சியில் பட்டு நெய்வோர் அரக்கு, மயில்கழுத்து என்று நிறத்துக்குப் பெயரிடுவர். யாகூத் அத்தகைய நிறப்பெயர் அன்று.

கிரேக்கத்தின் 'ஹியாகிந்தோஸ்' என்னும் சொல்லே பிறமொழிகளின் வழியாக அரபியில் யாகூத் ஆயிற்று என்பர் மொழியறிஞர். பண்டைய கிரேக்கர் அப்பெயரால் குறித்தது நீலக்கல்லையே என்பது வியப்புக்குரியது.

1344இல் புத்தளத்தில் கரையிறங்கிய இப்னு பதூதா, யாழ்ப்பாண மன்னர் ஆரியச்சக்கரவர்த்தியின் உதவியுடன் பாவா ஆதம் மலைக்குச் சென்றார். ஈழத்து யாகூத்துகளில் சிவப்பும் மஞ்சளும் நீலமும் உண்டு என்றும், நீலக்கல்லை அவ்வூரார் 'நைலம்' என்பர் என்றும் அவர் எழுதுகிறார். நம் 'நீலம்' அரபு எழுத்தில் ஏறிய இடம் அது! நூறு பணம் பெறுமான கல் கிடைத்தால் அரசர் விலை கொடுத்து எடுத்துக்கொள்வார். அதற்குக் குறைந்தது கண்டெடுத்தவருக்கே உரியது என்ற வழக்கத்தையும் குறித்துள்ளார்.

அவருக்கு மூன்று நூற்றாண்டுகள் முந்தியவர் அல்பீரூனி. கஸ்னி சுல்தான் மௌதூதின் காலத்தில் மணிகளைப் பற்றி 'கிதாபுல் ஜமாஹிர்' என்னும் நூலை இயற்றினார். கண்ணை மட்டும் நம்பாமல், கல் வெளியேற்றும் நீரை நிறுத்து அதன் அடர்த்தியை அறிந்தார். நீல யாகூத்தை 100 என வைத்துப் பிற மணிகளை ஒப்பிட்டார். பதக்ஷானிலிருந்து வந்த 'லஃல்' என்னும் செம்மணி யாகூத்தைப் போலவே சிவந்திருந்தும் எடையில் குறைந்தது. எனவே அது வேறு இனம். பிரிட்டிஷ் மணிமுடியிலுள்ள 'கருப்பு இளவரசரின் மாணிக்கம்' பல நூற்றாண்டுகள் மாணிக்கமாகவே மதிக்கப்பட்டு, பின்னரே இந்த லஃல் இனம் எனத் தெளிவாயிற்று.

சிவப்பு யாகூத்தும் நீல யாகூத்தும் அலுமினிய ஆக்சைடே என்கிறது இன்றைய வேதியியல். சிறிதளவு குரோமியம் கலந்தால் சிவப்பு. இரும்பும் டைட்டானியமும் கலந்தால் நீலம். இவ்வினத்துக்கு ஐரோப்பியர் இட்ட 'கொரண்டம்' என்னும் பெயர் தமிழின் 'குருந்தம்' என்பதிலிருந்து போனது. மாணிக்க வகையைச் சுட்டும் 'குருவிந்தம்' அதன் உறவுச்சொல். நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டியில் இக்கல் கிடைக்கிறது. ஆகவே யாகூத்தின் முழுப்பொருளுக்கு மாணிக்கத்தைவிடக் குருந்தமே நெருங்கியது என்பது நம் கருத்து. ஆயினும் ஓதுவோர் செவிக்கு அது சாணைக்கல்லாக ஒலிக்குமாதலின், சூரா அர்ரஹ்மானின் 58ஆம் வசனத்தில் மாணிக்கம் என்றே மொழிபெயர்த்து, அடிக்குறிப்பில் இனத்தை விளக்குவது தகும்.

அவ்வசனத்தில் அடுத்து வரும் மர்ஜானைப் 'பவளம்' என்று எழுதிவிடுகிறோம். இமாம் தபரீயின் விரிவுரையிலோ அது சிறுமுத்து என்ற கூற்றும் பதிவாகியுள்ளது. செந்நிறக் கல் என்பாரும் உளர். அதற்கு எத்தனை கட்டங்கள் வரைவது?