பேச்சில்லாத எதிர்ப்பாட்டு

ஸாம் மூர், டேவ் ப்ரேட்டர் இருவரும் பாடியதில் நான் கவனிப்பது குரல்களின் இசைவை அல்ல, இடைமறிப்பை. ஒருவர் வரியை முடிக்குமுன் மற்றவர் பிடுங்கிக் கொள்கிறார். இது அவர்களுடைய கண்டுபிடிப்பல்ல. அமெரிக்கக் கறுப்பர்களின் சர்ச்சுகளில் பிரசங்கி ஒரு சொல்லை எறிவார். சபை பதில் எறியும். மியாமிக்காரரான மூரும் ஜார்ஜியாவிலிருந்து வந்த ப்ரேட்டரும் காஸ்பெல் குழுக்களில் பாடிப் பழகியவர்கள். 1961-ல் மியாமி கிளப் ஒன்றில் ஜோடி சேர்ந்தார்கள். ஸோல் இசை செய்ததெல்லாம் கடவுள் இருந்த இடத்தில் ஒரு பெண்ணை நிறுத்தியதுதான் என்பார்கள். பாதி உண்மை. உருவம் அப்படியே இருந்தது.

1965-ல் அட்லாண்டிக் கம்பெனி இவர்களை மெம்ஃபிஸ் நகரத்து ஸ்டாக்ஸுக்கு இரவல் கொடுத்தது. பழைய சினிமாக் கொட்டகைதான் ஸ்டாக்ஸின் ஸ்டுடியோ. பாட்டு எழுதியவர்கள் ஐஸக் ஹேய்ஸும் டேவிட் போர்ட்டரும். கழிவறையிலிருந்த போர்ட்டரை ஹேய்ஸ் அவசரப்படுத்த, அவர் உள்ளேயிருந்து கத்திய பதிலே 1966-ல் வந்த 'ஹோல்ட் ஆன், ஐ'ம் கமின்' பாட்டுக்குத் தலைப்பாயிற்று. ரட்சகனின் வாக்குறுதி போல ஒலிக்கும் சொற்களுக்கு இதுதான் பூர்வீகம். 1967 டெட்ராய்ட் கலவரத்தில் கறுப்பர்கள் தங்கள் கட்டிடங்கள் தப்புவதற்காக 'ஸோல்' என்று எழுதி வைத்தார்கள். அதைத் தொலைக்காட்சியில் பார்த்த ஹேய்ஸ் 'ஸோல் மேன்' பாட்டுக்கு வந்தார். அதற்கு கிராமி பரிசு கிடைத்தது.

1968-ல் இரு கம்பெனிகளும் பிரிந்தன. இரவல் கொடுத்தவன் திரும்ப வாங்கிக் கொண்டான். அதே வருஷம் ப்ரேட்டர் தன் மனைவியைச் சுட்டார். அவள் பிழைத்தாள். இனி உன்னோடு பாடுவேன், பேச மாட்டேன் என்று அன்று சொல்லிவிட்டதாக மூர் பின்னாளில் கூறினார். 1970-ல் பிரிந்தார்கள், சேர்ந்தார்கள், மறுபடி பிரிந்தார்கள். மூர் ஹெராயினில் சிக்கினார். 1981 டிசம்பர் 31-ந் தேதி ஸான் ஃப்ரான்ஸிஸ்கோவில் கடைசி மேடை. பதின்மூன்று வருஷ மெளனம். வங்கியில் அடுத்தடுத்த கௌண்டரில் உட்கார்ந்து பேசாமலே ஓய்வு பெற்றவர்களை எனக்குத் தெரியும். ஆனால் அவர்கள் ஒருவர் வரியை ஒருவர் முடித்துக் கொடுக்க வேண்டியதில்லை.

அனுபவ நேர்மை வேண்டும் என்று நம் விமர்சனம் ஓயாமல் கேட்கிறது. இந்த ஜோடியை அது என்ன செய்யும்? பிந்திய தட்டுகள் சோர்ந்திருப்பதற்கு மெளனத்தைக் காரணம் காட்டுவது சுலபம். எனக்கு அது போதவில்லை. கலைந்தது மெம்ஃபிஸ் கூட்டு. அழைப்பும் பதிலும், மனிதர்கள் விலகிய பிறகும், மேடையில் நின்றன. சபைக்குப் பழகிய உருவம் ஆளை நம்பி இருப்பதில்லை என்று தோன்றுகிறது.

1988-ல் கார் விபத்தில் இறக்கும்வரை ப்ரேட்டர் வேறொரு ஸாமோடு அதே பெயரில் பாடினார். மூர் 2025 ஜனவரியில் இறந்தார். அவருக்கும் எதிரே ஒரு குரல் தேவைப்பட்டது. 2009-ல் நியூயார்க் மேடையில் அந்த இடத்தில் நின்று பாடியவர் ப்ரூஸ் ஸ்ப்ரிங்ஸ்டீன்.