நான்கு வாயில் கோட்டை

திருகோணமலையில் கப்பல்துறைக்கு அணித்தாகச் சீனக்குடா என்றோர் இடம் உண்டு. பெயரில்தான் சீனம், திருகோணமலையில் நாம் அறிந்த கோட்டையோ, கோணேசர் கோயிலை இடித்த போர்த்துக்கேயர் அதன் கற்களைக்கொண்டே 1624இல் எழுப்பியது. பீரங்கிக்கும் சிப்பாய்க்கும் கட்டிய கோட்டை அது. குடும்பங்கள் கூடிவாழ எழுந்த கோட்டைகளும் உலகில் உண்டு. அவற்றின் மதிலைப் பகையச்சம் மட்டும் எழுப்பவில்லை. ஒழுக்கம் பற்றிய கருத்தும் சேர்ந்தே எழுப்பியது.

சீனத்தின் பூஜியன் மாகாணத்து மலைகளில் ஹக்கா மக்களும் அவர்தம் அண்டையோரும் மண்ணை இடித்திறுக்கி எழுப்பிய பெருவீடுகள் அத்தகையன. 1709இல் தொடங்கிய செங்சிலோ, வட்டத்துக்குள் வட்டமாக நான்கு சுற்றுக்கள் கொண்டது. நடுவே முன்னோர் வழிபாட்டுக் கூடம். வெளிச்சுற்றில் கீழே அடுக்களை, அதன்மேல் களஞ்சியம், அதற்கும் மேலே படுக்கையறைகள். மூத்தோரைப் பேணுக, குலத்தோடு ஒன்றி வாழ்க என்னும் கன்பூசிய நெறியை அம்மண்ணில் நாம் காண்கிறோம். அறைகள் ஏறத்தாழ ஓரளவின. செல்வனுக்கென்று தனி மாடமில்லை. ஆயினும் இச்சமத்துவம் ஆண்மக்களுக்குள்தான். மகள் வேற்றுக் குலத்துக்கு மணமாகிப் போகிறவள்.

இனி நம் தாமிரபரணிக் கரைக்கு வருவோம். திருவைகுண்டத்தில் கோட்டைப் பிள்ளைமார் மண்மதிலுக்குள் வாழ்ந்தனர். மதிலுக்கு வாயில்கள் நான்கு. பூஜியன் வீடுகள் பெரும்பாலானவற்றுக்குப் பெருவாயில் ஒன்றே. அதன் வழியே மகளாவது மணமாகி வெளியேறினாள். இங்கோ நான்கிருந்தும் ஒன்றின் வழியேனும் பெண் வெளிவர இயலாது! கோட்டைக்குள் பிறந்தவள் அங்கேயே மணந்து, அங்கேயே முதிர்ந்து மறைந்தாள். வெளியார் ஆடவர் எளிதில் உள்ளே நுழையவும் முடியாது.

இதைக் கற்பென்றும் குலமானமென்றும் போற்றினர். ஆனால் அவர்கள் நிலவுடைமையாளர் என்பதை மறத்தல் ஆகாது. அவர்தம் வயல்களில் சேற்றில் நின்று நாற்று நட்ட பெண்களுக்கு இந்த அறம் விதிக்கப்படவில்லை; விதித்தால் வயல் விளையாது. சிலர் வெயிலில் உழைத்ததனாலேயே சிலரை நிழலில் அடைத்துவைக்க முடிந்தது. அடைபட்டவளும் அந்த ஏற்பாட்டின் பயனாளி அல்லள் என்பதே நம் எண்ணம்.

மணவுறவு கோட்டையைத் தாண்டாமையால் குடிகள் அருகின. பூஜியனின் 46 வீடுகள் 2008இல் யுனெஸ்கோவின் உலக மரபுப் பட்டியலில் இடம்பெற்றன. திருவைகுண்டத்திலோ இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் குடும்பங்கள் கோட்டையை விட்டு வெளியேறின. பெண்களும் உடன் சென்றனர்.